அவிழ்த்துவிடும் கை

1

பன்னிரண்டு வயதில் நான் ஒரு முயலைக் கொன்றேன். ‘கொன்றேன்’ என்று எழுதுவது சரியா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஆகவே அந்தச் சொல்லை இப்போதைக்குச் சந்தேகத்துக்குரியதாகவே வைத்துக்கொள்ளலாம்.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள கரிசல் காடு. தை மாதக் கடைசி. கம்பும் சோளமும் அறுத்தாகிவிட்டது. தட்டைக் கட்டைகள் மட்டும் நின்றன. பனி இறங்கிய மண் காலில் அப்பியது. என் தாய்மாமாவிடம் இரண்டு நாய்கள். ஒன்றை அவர் பிடித்திருந்தார். மற்றதை என்னிடம் கொடுத்திருந்தார். அப்படிக் கொடுப்பது ஒரு மரியாதை. கழுத்துவாருக்குள் கயிற்றை நுழைத்து, இரண்டு முனைகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிப்பது அவர் வழக்கம். முடிச்சு எதுவும் கிடையாது. ஒரு முனையை விட்டால் போதும். நாய் ஓடும்போது கயிறு உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும்.

உழவுச்சாலில் ஒட்டிப் படுத்திருந்த முயல் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நாய்க்குத் தெரிந்தது. அதன் முதுகுத்தண்டில் ஓர் அதிர்வு ஓடுவது கயிறு வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. ‘மாப்ளே, இப்ப விடு’ என்றார் மாமா. விட்டேன்.

முயல் நேராக ஓடவில்லை. நாய் நெருங்கும் ஒவ்வொரு முறையும் சட்டென்று திரும்பியது. நாய் தன் வேகத்தின் பாரத்தாலேயே தூரத் தள்ளிப்போய்த் திரும்ப வேண்டியிருந்தது. நான்கு முறையோ ஐந்து முறையோ இப்படி. அந்தச் சில வினாடிகளில் நான் அடைந்த சந்தோஷத்தை இன்றுவரை வேறு எதிலும் அடைந்ததில்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் கட்டுரை பொய்யாகிவிடும். பிறகு முயல் கத்தியது. முயல் சத்தம் போடும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. வாழ்நாளெல்லாம் ஊமையாக இருந்துவிட்டுப் பிடிபட்ட பின் மட்டும் குரல் எழுப்பும் பிராணி அது. கைக்குழந்தையின் குரல்.

நான் அழுதிருக்க வேண்டும். மாமா கயிற்றை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: ‘நாம எங்கடா கொன்னோம்? நாய்தான பிடிச்சது. அதுக்குப் பிறவி அது.’ அன்று மத்தியானம் முயல்கறி சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

2

மாமாவின் பேச்சில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. கொன்றது நாமல்ல என்பது ஒன்று. நாய் செய்தது அதன் இயற்கை என்பது இரண்டாவது. இரண்டாவதன் தோள்மேல்தான் முதலாவது நிற்கிறது. எனவே இரண்டாவதை முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதியின் பெயரைத் தாங்கி மூன்று நாய்வகைகள் உலவுகின்றன. ராஜபாளையம் என்பது வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட கனத்த நாய்; மலையடிவாரத்துப் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் ஆனது. சிப்பிப்பாறை கரிசலின் நாய். ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், மெல்லிய தோல். மூக்கைவிடக் கண்ணை நம்பி ஓடுவது. கன்னி அதன் சகோதர வகை; நிறத்தில்தான் வித்தியாசம் என்று சாதிப்பவர்களும் உண்டு. இவற்றில் ஒன்றையும் காடு உண்டாக்கவில்லை. நரியைக் காடு உண்டாக்கியது. சிப்பிப்பாறையை, ஓடுகிற நாயை ஓடுகிற நாயோடு சேர்த்து, ஓடாத குட்டியை ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாக மனிதன் உண்டாக்கினான். மரமில்லாத சமவெளியில் முயலைப் பிடிக்க என்ன வேண்டுமோ அதுவே எலும்பாகவும் தசையாகவும் அந்த உடம்பில் நிற்கிறது. ராஜபாளையத்தில் வெண்மைக்காக வெண்மையைச் சேர்த்துச் சேர்த்து, செவிடாகவே பிறக்கும் குட்டிகளும் உண்டாயின. அந்தச் செவிட்டுத்தனமும் பிறவிதான். ஆனால் யாருடைய விருப்பத்தின் பிறவி?

ஆக, ‘பிறவி’ என்று மாமா சொன்னது, மனிதனின் மிகப் பழைய விருப்பம் இன்னோர் உடம்பில் ஊறிப்போய், இப்போது அந்த உடம்பின் சொந்த விருப்பம்போலத் தோன்றுகிற நிலை. நாய் பொய் சொல்லவில்லை. அது உண்மையாகவே விரும்புகிறது. என்னைவிட ஆயிரம் மடங்கு விரும்புகிறது. அதனால்தான் அது நமக்கு வசதியாக இருக்கிறது. வில்லோ துப்பாக்கியோ தானாக எதையும் விரும்பாது. அதைப் பிடித்தவன் தன் விருப்பத்தைத் தானே சுமக்க வேண்டும். விரும்பத் தெரிந்த ஆயுதம் நாய் ஒன்றுதான். விருப்பத்தை அதனிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

வனபர்வத்தில் அர்ஜுனனும் வேடனாக வந்த சிவனும் ஒரே பன்றிமேல் அம்பு விடுகிறார்கள். பன்றி விழுகிறது. யார் அம்பில் விழுந்தது என்று சண்டை. இருவரும் ‘என்னுடையது’ என்கிறார்கள். பிறர் குறிவைத்ததன் மேல் நீ எப்படி அம்பு விடலாம் என்று அர்ஜுனன் வேட்டையின் தர்மத்தையே எடுத்துப் பேசுகிறான். கரிசலில் அந்தச் சண்டை தலைகீழாகிவிடுகிறது. முயல் விழுந்து கிடக்கிறது. மாமா ‘என்னுடையதல்ல’ என்கிறார், நான் ‘என்னுடையதல்ல’ என்கிறேன். நாய்க்கு இந்த வழக்கில் வாய் கிடையாது. கறியைப் பங்கிடும்போது மட்டும் உரிமை மறுபடியும் மனிதர்களிடம் வந்துசேர்கிறது. குடல் நாய்க்கு.

3

மாமாவின் வாக்கியத்தை வெகுகாலம் கழித்து, சற்றும் எதிர்பாராத ஓர் இடத்தில் மறுபடி சந்தித்தேன். வட அமெரிக்காவின் மேற்கு மலைப் பிரதேசங்களில், பனிக்காலத்தில், நாய்களை வைத்து நடக்கும் கூகர் வேட்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது. கூகர் என்பது பூமா என்றும் மலைச்சிங்கம் என்றும் அழைக்கப்படும், புள்ளிகளற்ற பெரிய பூனை. மனிதர்களின் கண்ணில் அனேகமாகப் படாது. பனி விழுந்தால்தான் அதற்குத் தடம் உண்டாகிறது. அதனால் வேட்டை பனிக்காலத்துக்குரியது.

காசு கொடுத்து வருகிறவன் ஒருவன். நாய்களையும் மலையையும் அறிந்த வழிகாட்டி ஒருவன். விடியுமுன் வண்டியில் போய்ப் புதுப்பனியில் புதுத்தடம் தேடுவார்கள். தடம் கிடைத்ததும் வழிகாட்டி நாய்களை அவிழ்த்துவிடுவான். எங்கள் நாய்களைப்போலக் கண்ணால் ஓடுபவை அல்ல அவை. மோப்பத்தால் ஓடிக் குரைப்பவை. கூகர் பாயத் தெரிந்தது, நெடுந்தூரம் ஓட வலுவில்லாதது. அது மரமேறிவிடும். தனித்தனியாக வந்தால் அந்த நாய்களைக் கிழித்துப் போடக்கூடிய விலங்கு, கூட்டத்தின் குரைப்புக்கு அஞ்சிக் கிளையில் ஒடுங்குகிறது. நாய்களின் கழுத்துப்பட்டையில் இப்போது செயற்கைக்கோளோடு பேசும் கருவி இருக்கிறது. அவை எங்கே ஓடுகின்றன, எப்போது ஒரு மரத்தடியில் நின்று மேலே பார்த்துக் குரைக்கின்றன என்பதெல்லாம் வழிகாட்டியின் கையிலுள்ள திரையில் தெரியும். அதுவரை வண்டியின் சூட்டில் உட்கார்ந்திருக்கலாம். பிறகு பனியில் நடந்துபோய், மரத்தில் இருப்பதை அண்ணாந்து பார்த்துச் சுட வேண்டியதுதான்.

இதை அந்நிய நாட்டு வினோதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1970-இல் புலிவேட்டை தடைசெய்யப்படும் வரை நம் நாட்டிலும் ஷிகார் கம்பெனிகள் இருந்தன. வெளிநாட்டுக்காரன் பணம் கட்டினால் காடு கலைப்பவன், மேடை கட்டுபவன், கட்டுக்கிடா எல்லாம் ஏற்பாடு செய்து தருவார்கள். சுட்டவன் புலியின் தலைமேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வான். படத்தில் மற்றவர்கள் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் பெயரில்லாமல் இருப்பார்கள். பெருமை என்று வரும்போது கை என்னுடையது. பழி என்று வரும்போது நாயின் இயற்கை, வழிகாட்டியின் தொழில், அரசாங்கத்தின் அனுமதிச்சீட்டு. மாமாவின் பாமர வாக்கியம் பனிமலையில் ஓர் அமைப்பாகவே வளர்ந்து நிற்கிறது.

நியாயத்துக்காக அவர்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். மரத்திலிருக்கும் விலங்கை நிதானமாகப் பார்க்க முடிகிறது. ஆணா பெண்ணா, இளசா முதிர்ந்ததா, குட்டிக்குப் பால் கொடுப்பதா என்று தெரிந்துகொண்டு வேண்டாமென்று திரும்பிவிட முடிகிறது. தூரத்தில் ஓடுவதைச் சுடுகிறவனுக்கு அந்த வாய்ப்புக் கிடையாது என்கிறார்கள். இது பொய்யான வாதம் அல்ல. 1994-இல் ஒரிகனிலும் 1996-இல் வாஷிங்டன் மாநிலத்திலும் மக்கள் வாக்களித்துக் கூகர் வேட்டைக்கு நாய்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தார்கள். தடைசெய்யப்பட்டது நாய், வேட்டை அல்ல. 1990-இல் கலிபோர்னியா அந்த வேட்டையையே வாக்கெடுப்பில் நிறுத்தியது. இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில் ஒரு தத்துவ வித்தியாசம் இருக்கிறது. ஒன்று, நாயோடு போவது அழகல்ல என்கிறது. மற்றது, போகவே வேண்டாம் என்கிறது.

இவற்றைவிட என்னை அதிகமாக யோசிக்க வைத்தது வேறொன்று. சில மாநிலங்களில் கொல்லாமல் துரத்துவதற்கு மட்டும் தனிப் பருவம் வைத்திருந்தார்கள். நாய்களை விட வேண்டியது, கூகரை மரமேற்ற வேண்டியது, படம் எடுத்துக்கொண்டு நாய்களைக் கட்டித் திரும்ப வேண்டியது. விலங்கு இறங்கிப் போய்விடும். இது ஜீவகாருண்யத்தின் ஒரு வடிவம் என்றே பலரும் கருதுகிறார்கள். இங்கிலாந்திலும் 1836-இலிருந்து 2005 வரை வாட்டர்லூ கோப்பை என்ற முயல் விரட்டும் பந்தயம் நடந்தது. அதில் முயலைக் கொல்வது நாயின் வெற்றியல்ல. வேகத்துக்கும், முயலைத் திசைதிருப்ப வைத்ததற்குமே புள்ளி. என் முயல் திரும்பிய அந்த நான்கைந்து திருப்பங்களுக்கு அங்கே கணக்கு எழுதியிருப்பார்கள்.

அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? சாவிலா, துரத்தலிலா?

4

ஸ்பானியச் சிந்தனையாளர் ஒர்தேகா இ காஸெத் 1942-இல், ஒரு பிரபு எழுதிய வேட்டைப் புத்தகத்துக்கு முன்னுரையாக வேட்டையைப் பற்றி நீண்ட சிந்தனை ஒன்றை எழுதினார். கொலை வேட்டைக்காரனின் இலக்கல்ல. ஆனால் கொலை சாத்தியம் என்றால்தான் வேட்டை உண்மையாகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். துப்பாக்கிக்குப் பதிலாகப் புகைப்படக் கருவியோடு போவதை அவர் மதிக்கவில்லை. அது அவருக்கு ஒரு பாவனை.

நான் அவரோடு பாதி வழி வருகிறேன். கொலை இலக்கல்ல என்பது உண்மை. எனக்கு அன்று சந்தோஷம் தந்தது ஓட்டம், சாவு அல்ல. ஆனால் இதிலிருந்து அவர் போகிற பக்கம் நான் போக முடியவில்லை. இலக்கு ஓட்டம் என்றால், செயலும் ஓட்டம்தான். அப்படியானால் கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சாவு வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. துரத்தப்படுகிறதன் பக்கத்திலிருந்து பாருங்கள். கொல்வதற்கான துரத்தல், படத்துக்கான துரத்தல், புள்ளிக்கான துரத்தல் என்ற பேதம் முயலின் உலகத்தில் கிடையாது. ஓடும் ஒவ்வொரு கணத்திலும் அது முழுமையாகச் செத்துக்கொண்டிருக்கிறது. பிழைத்துப்போனால் அது நமக்குத்தான் ‘ஒன்றும் ஆகவில்லை.’

ஆச்சரியமாக, இந்த விஷயத்தில் நம் தத்துவாதிகளைவிட நம் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்றால் என்ன என்று வரையறுக்கும்போது கொல்வதோடு நிறுத்தவில்லை. பிடிப்பது, நாய்விட்டு விரட்டுவது, கண்ணி வைப்பது, கலைப்பது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கான ஒவ்வொரு முயற்சியும் வேட்டையே என்கிறது. முயலுக்கும் அதன் அட்டவணையில் இடம் இருக்கிறது. அதாவது, என் கையிலிருந்து கயிற்றின் ஒரு முனை நழுவிய அந்தக் கணத்தில் வேட்டை பூர்த்தியாகிவிட்டது. பின்னால் நாய் பிடித்ததா, முயல் தப்பியதா என்பது சட்டத்துக்கு இரண்டாம்பட்சம். சட்டங்கள் பொதுவாக விளைவுகளைப் பார்த்துப் பேசும்; இது கையைப் பார்த்துப் பேசுகிறது. இதை எழுதியவர்கள் தார்மீகத்தை யோசித்திருக்கமாட்டார்கள், குற்றவாளி தப்பிக்கும் ஓட்டைகளைத்தான் யோசித்திருப்பார்கள். ஆனால் ஓட்டைகளை அடைக்கப்போய் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். முயலை நரி துரத்துவதில்லையா, கழுகு துரத்துவதில்லையா? துரத்தல்தானே முயலின் காலை முயலின் காலாக்கியது? அதை நீக்கிவிட்டால் முயல் ஏது? சரியான கேள்வி. பதில் நரியின் வயிற்றில் இருக்கிறது. நரி பசியோடு ஓடுகிறது. ஓடுவதில் செலவாகும் உடம்பு, பிடிப்பதில் கிடைக்கும் உடம்பைவிட அதிகமாகும்போது நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் அது சாகும். நரிக்கும் முயலுக்கும் நடுவில் இந்தக் கணக்கு இருக்கிறது. அது கொடூரமான கணக்கு. ஆனால் இருவரையும் ஒரே தராசில் வைக்கிறது. எங்கள் நாய் முதல்நாள் இரவு கம்பங்கூழும் முட்டையும் சாப்பிட்டிருந்தது. தோற்றால் அதற்கு ஒன்றுமில்லை. அதன் பின்னால் ஒரு வீடும் அடுப்பும் தானியக் குதிரும் நின்றன. முயலின் பின்னால் உழவுச்சால் மட்டும். பனிமலை நாயின் பின்னால் ஒரு பெட்ரோல் வண்டியும் ஆகாயத்தில் ஒரு செயற்கைக்கோளும் நிற்கின்றன. இயற்கை என்ற சொல்லை இங்கே பயன்படுத்துபவன் தராசின் ஒரு தட்டில் தன் கால் இருப்பதை மறைக்கிறான்.

5

இவ்வளவு எழுதியபின் மாமாவுக்காகவும் ஒன்று பேச வேண்டும். பேசாவிட்டால் இது நகரத்தில் உட்கார்ந்து எழுதிய அகிம்சைக் கட்டுரையாகிவிடும். நான் இன்றும் கறிக்கடையில் கறி வாங்குகிறேன். அந்த ஆட்டின் குரலை நான் கேட்டதில்லை. மாமா கேட்டார். நாயின் வாயிலிருந்து முயலை வாங்கித் தன் கையால் கழுத்தை முறித்தார். வலி நீளாமல் இருக்கவேண்டும் என்பதில் அவருக்கு ஓர் அவசரம் இருந்தது. வாயால் ‘நாம் கொல்லவில்லை’ என்றார். கை வேறொன்று அறிந்திருந்தது. மாசி மாதம் அய்யனார் கோயிலில் சுடுமண் குதிரைக்குப் பக்கத்தில் சுடுமண் நாயின் முன்னால் அவர் நின்று கும்பிட்டதை, பொறுப்பைச் சாமியிடம் தள்ளுவது என்று அப்போது நினைத்தேன். பொறுப்பு இருப்பதை ஒப்புக்கொள்வது என்று இப்போது தோன்றுகிறது. இல்லாத பொறுப்பைத் தள்ள முடியாது.

இதைச் சொல்லக் காரணம், நாயை விலக்கிவிட்டு வந்த வேட்டையை எங்கள் பக்கம் பார்த்தாகிவிட்டது. அவுட்டுக்காய் என்பார்கள். தின்பண்டத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து பன்றி வரும் தடத்தில் போட்டுவிடுவது. கடித்தால் வாய் சிதறும். யார் கடிக்கப்போகிறது, எப்போது என்பது போட்டவனுக்குத் தெரியாது. அவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். கேரளத்தில் 2020 மே மாதம் வெடி பொதிந்த காயைக் கடித்த ஒரு கர்ப்பிணி யானை, வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. அங்கே துரத்தல் இல்லை, நாய் இல்லை, கயிறு இல்லை, அழுகிற சிறுவன் இல்லை. மனிதனே இல்லை. வேட்டையிலிருந்து மனிதனை முழுதாக எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான். நாயோடு போகிறவன் குறைந்தபட்சம் போகிறான்.

கயிறு நீள நீளக் கை மறைகிறது. இதை எங்கள் வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறு ஊர்களில் கொளுத்தப்படுவது இங்கே மருந்தாக நிரப்பப்படுகிறது. சிப்பிப்பாறை என்ற பெயர் 2020-இல் இரண்டு முறை நாட்டின் காதில் விழுந்தது. மார்ச் மாதம் அந்த ஊரில் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆகஸ்ட் மாதம் பிரதமர் தம் வானொலிப் பேச்சில், நாட்டு இன நாய்களை வளர்க்கச் சொல்லும்போது, சிப்பிப்பாறை நாயையும் ராஜபாளையத்தையும் கோம்பையையும் குறிப்பிட்டார். இரண்டாவது செய்தி பலருக்கு நினைவிருக்கிறது. ஒரு திரியைப் பற்றவைக்கிற கைக்கும் அதை உருட்டிய கைக்கும் இடையில் எத்தனை மைல், எத்தனை ரசீது, எத்தனை லைசென்ஸ்! விபத்து நடந்தால் உராய்வு, வெப்பம், மருந்துக் கலவை என்கிறோம். நாய்க்குப் பிறவி அது என்பதுபோல மருந்துக்கும் பிறவி அது என்கிறோம்.

நம் சின்ன உலகத்துக்கும் இந்தக் கயிறு பழக்கமானதுதான். ஒருவரைப் பிடிக்காமல் போகும்போது நாமாக எழுதுவதில்லை. ஓடத் துடிக்கும் ஓர் இளைஞனிடம் புத்தகத்தைக் கொடுத்து ‘உனக்கு என்ன தோன்றுகிறதோ எழுது’ என்கிறோம். அவன் எழுதுகிறான், உண்மையாகவே விரும்பி எழுதுகிறான். பிறகு, அது அவனுடைய பார்வை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

6

மிஞ்சியிருப்பது நாய். இந்த விவகாரத்தில் யாரும் கேட்காத கட்சிக்காரர் அதுதான்.

வேட்டை இன்று குற்றம். வேட்டைக்காக உண்டாக்கப்பட்ட நாய் கௌரவப் பொருள். 2005 ஜனவரியில் நாட்டு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு ஒன்று கிடைத்தது. சைதாப்பேட்டையில் அரசாங்கமே நாட்டு இனங்களைப் பெருக்கி விற்றிருக்கிறது. மேற்கே மலை, 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. காட்டைக் காப்பாற்றுகிறோம், நாயின் இனத்தையும் காப்பாற்றுகிறோம். இரண்டையும் இணைத்த செயலை மட்டும் தடுத்திருக்கிறோம். தடுத்தது சரி, அதை நான் மேலே வாதாடியாகிவிட்டது. ஆனால் பல நூறு வருஷ விருப்பத்தை ஒரு பிராணியின் எலும்பில் எழுதிவிட்டு, ஒரு நாள் அந்த விருப்பத்துக்குரிய பொருளை எடுத்துக்கொண்டோம். இப்போது அது அடுக்குமாடியின் பால்கனியில் நின்று தெருவில் பறக்கும் காகிதப் பையைப் பார்த்து நடுங்குகிறது. இனம் காக்கப்பட்டது என்று நாம் சொல்கிற அந்த உடம்புக்குள் காக்கப்படாமல் போனது எது?

நாய்க்கு அதன் ஓட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் முயல் சாகட்டும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நாயையே இல்லாமல் ஆக்கிவிடலாம், இனி அப்படிப் பிறக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லவும் வாயில்லை. ஒரு தவறை நிறுத்துவதாலேயே அந்தத் தவறு உண்டாக்கிய கடன் தீர்ந்துவிடுவதில்லை என்பதை மட்டும் சொல்ல முடிகிறது. முயலுக்கு நாம் பட்ட கடன் எளிது: விட்டுவிடுவது. நாய்க்குப் பட்ட கடனுக்கு அப்படி ஒரு வினைச்சொல் என்னிடம் இல்லை. விட்டால் முயல், பிடித்தால் நாய்.

மாமா இறந்து வெகு காலமாகிறது. நாலு வருஷம் முன்பு ஊரில் ஒருவர் ஒரு பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சந்தன நிறம். சாயங்காலம் அதைக் கண்மாய்க்கரைவரை நடத்திக்கொண்டு போவேன். மாமாவின் முறைப்படி கயிற்றை மடித்துத்தான் பிடிக்கிறேன்; வேறு முறை எனக்குத் தெரியாது. போன மார்கழியில் ஒரு நாள், வேலிக்கருவேலுக்கு இப்பால் தரிசில் ஒரு முயல் எழுந்து உட்கார்ந்தது. பிடரியின் கறுப்புவரை தெரிந்தது. நாயின் முதுகில் அந்த அதிர்வு ஓடியது. ஐம்பது வருஷம் கழித்து, அதே கயிறு வழியாக, அதே உள்ளங்கைக்கு வந்தது. அந்தச் சந்தோஷமும் அப்படியே வந்தது. வயது அதை ஒன்றும் செய்யவில்லை.

அது முயலைப் பார்த்தது. பிறகு திரும்பி என் கையைப் பார்த்தது. முகத்தை அல்ல, கையை. அதுவரை அது ஒரு வேட்டைக்கும் போனதில்லை, யாரும் பழக்கியதில்லை. ஆனாலும் எங்கே முடிவாகிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. நாய்தானே பிடித்தது என்ற மாமாவின் வாக்கியத்துக்கு நாய் சொன்ன பதிலாக அதை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு முனைகளையும் இறுக்கிப் பிடித்தேன். அது இழுத்த இழுப்பில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. முயல் அவசரப்படாமல் இரண்டு தத்துத் தத்திக் கருவேலுக்குள் போயிற்று. இரவு முழுதும் நாய் திண்ணையில் படுத்தபடி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் அதன் நான்கு கால்களும் ஓடின. கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது எழுந்து வந்து அந்தக் கையை நக்கியது.